மூன்று வருஷம் உருகாத கிளாஸ்

கிளாஸ் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். மதகடிப்பட்டுச் சந்தையில் என்றான் பலராமன். இந்த ஒரு பதிலைப் புரிந்துகொள்வதற்காக, பாண்டிப் பக்கம் பிரெஞ்சுக் கொடி பறந்த அந்தக் காலத்தில், ஊர் நிர்வாகம் பார்த்த கொம்யூன் ஆபீஸ் ஒன்று எட்டு மாதம் பாடுபட்டது. எந்தக் கொம்யூன் என்று சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் மூன்று பிரதி கேட்பார்கள்.

பலராமன் கரும்பேரி கிராமத்தில் ஒன்றரைக் காணி கரும்பு போட்டிருந்தான். அவன் மனைவி தையலம்மாளுக்கு அப்போது மூன்றாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்தத் தடவை கஞ்சி குடித்தால் கஞ்சி வெளியே வந்தது, மோர் குடித்தால் மோர் வந்தது, ஒன்றும் குடிக்காவிட்டால் பித்தநீர் வந்தது. மருத்துவச்சி வேலம்மாள் வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். "உள்ள எதுனா தங்கினாதான் உள்ள இருக்கிறதும் தங்கும்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போனாள். அவள் வெற்றிலையை விட்டுவிட்டுப் போகிறவள் அல்ல. பலராமனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வழி சொன்னவன் தையலம்மாளின் அண்ணன் உலகநாதன். சைகோனில் பத்து வருஷம் பட்டாளத்துச் சமையல்கட்டில் இருந்துவிட்டு வந்தவன்.

"மாப்ள, அங்க வெயில்ல வாந்தி எடுத்துக்கினு வுழுவானுங்க. நாங்க இன்னா குடுப்போம்ன்ற? காப்பில ஐஸ் போட்டு, சோடா வுட்டுக் குடுப்போம். எழுந்து ஒக்காந்துக்கினு சோறு கேப்பான்."

"காப்பில சோடாவா? அதுக்குக் கஞ்சியே தேவல, மச்சான்."

"குடுத்துப் பாரு. வாந்திதான எடுக்கப் போறா, அது எப்பவும் எடுக்கிறதுதான."

அதைச் செய்யும் முறை பார்ப்பதற்கு எளிது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. காப்பித்தூளைத் துணியில் கட்டி, கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கெட்டியாக டிகாக்‌ஷன் இறக்க வேண்டும். சூடு இருக்கும்போதே வெல்லப்பாகு கலந்துவிட வேண்டும், ஆறிய பிறகு கலந்தால் பாகு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு அந்தச் செம்பை ஈர மணலில் புதைத்து நன்றாக ஆறவிட வேண்டும். ஐஸ் பாண்டியில் துரைமார் வீடுகளுக்கு என்று செய்வது. உலகநாதனின் சிநேகிதன் ஒருவன் காலை ரயிலில் ஒரு கட்டியை வில்லியனூர் ஸ்டேஷன்வரை அனுப்பிவைப்பான். அது உமி நிரப்பிய சாக்கில் வரும். உமிக்கும் உமிக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதால் வெளிச்சூடு உள்ளே போக வழி தெரியாமல் நின்றுவிடும். ஆனாலும் அது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தடுக்காது.

சோடா கோலி சோடா. பாட்டிலுக்குள் இருக்கும் காற்றே கோலியை மேலே தள்ளி, கழுத்தில் உள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடி வைத்திருக்கும். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் 'டப்' என்று கோலி கீழே விழும். கிளாஸில் ஐஸைப் போட்டு, முதலில் சோடாவை ஊற்றி, அதன்மேல் டிகாக்‌ஷனை ஒரு கரண்டி முதுகில் வழியவிட வேண்டும். மாற்றிச் செய்தால், சோடாவில் அடைபட்டிருக்கும் காற்று காப்பியின் பொடிகளைப் பற்றிக்கொண்டு ஒரே நேரத்தில் வெளியே ஓடிவந்து, பாதி கிளாஸ் தரையில் இருக்கும். பலராமன் முதல் இரண்டு நாள் தரைக்குத்தான் கொடுத்தான்.

மூன்றாம் நாள் சரியாக வந்தது. தையலம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பிறகு மூன்று வாரத்தில் வராத ஏப்பம் ஒன்று வந்தது.

"பழைய சோறு இருக்குதா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கிளாஸ், அதற்குப் பின்னால் இரண்டு பிடி சோறு. அந்த இரண்டு பிடி உள்ளே தங்கியது.

கொம்யூன் காவலாள் பக்கிரிக்கு ஊரில் காவல் காக்க எதுவும் இருந்ததில்லை. ஆகவே அவன் சத்தங்களைக் கவனித்து வந்தான். தினமும் மூன்று மணிக்குப் பலராமன் வீட்டில் 'டப்' என்று ஒரு சத்தம் வருவதை நான்கு நாள் கேட்டு, ஐந்தாம் நாள் ஆபீஸில் போய்ச் சொன்னான்: பலராமன் வீட்டில் தினமும் வெடிக்கிறது, அதன் பிறகு காப்பி இருக்கிறது.

இதைப் பிரெஞ்சில் எழுதியவர் குமாஸ்தா சூசைநாதன். அவருடைய பிரெஞ்சு இலக்கணச் சுத்தமானது; ஆளையோ பொருளையோ அது ஒருநாளும் சந்தித்ததில்லை. பிரெஞ்சில் 'கஃபே' என்றால் காப்பி. காப்பிக் கடைக்கும் அதே சொல்தான். 'அவன் வீட்டில் கஃபே இருக்கிறது' என்று சூசைநாதன் எழுதினார். அதைப் படித்த மேர், அதாவது கொம்யூன் தலைவர், தணிகைவேல், தன் ஆட்சியில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு கடை நடப்பதாகக் கண்டு நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் மேராகி ஆறு வருஷத்தில் எழுந்தது அது இரண்டாம் தடவை.

மறுநாள் சூசைநாதனும் பக்கிரியும் வந்து ஆறு சோடா பாட்டில், காப்பித்துணி ஒன்று, ஐஸ் இருந்த சாக்கு ஒன்று ஆகியவற்றைக் கைப்பற்றினார்கள். ஒவ்வொரு பாட்டில் வாயிலும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார் சூசைநாதன்.

"ஐயா, அது ஏற்கெனவே மூடிதான் இருக்குது" என்றான் பலராமன்.

"அது சோடாக்காரன் மூடினது. இது சர்க்கார் மூடுறது."

"சம்சாரத்துக்கு அதாங்க மருந்து. அதைக் குடிச்சாதான் சோறு இறங்குது."

"மருந்துன்னா வைத்தியர் சீட்டு வேணும். கடைன்னா லைசென்ஸ் வேணும். ரெண்டுல நீ எதுன்னு முடிவு பண்ணிக்கினு வா."

ஐஸ் சாக்கின் வாயையும் தைத்து, தையல்மேல் நான்கு இடத்தில் அரக்கு வைத்து, ஆபீஸ் அலமாரியில் பூட்டினார்கள். காலையில் திறந்தபோது சாக்கு தட்டையாகக் கிடந்தது. நான்கு முத்திரையும் அப்படியே இருந்தன. மேர் பலராமனை அழைத்துவரச் சொன்னார்.

"முத்திரை ஒடையாம எப்படி எடுத்த?"

"நான் எடுக்கலைங்க. உருகிடுச்சு."

"உருகறதுக்கு யாரு உத்தரவு குடுத்தா?"

அலமாரிக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் இரண்டு பதிவேடுகள் ஊறிக்கொண்டிருந்தன. பலராமன் அதைக் கை காட்டினான். சூசைநாதன் குனிந்து பார்த்து, 'அலமாரியில் காரணம் தெரியாத ஈரம்' என்று இன்னொரு தாளில் எழுதி, அதைத் தனி விவகாரமாக வைத்தார். முதல் தாளில் 'சாட்சிப் பொருள் தலைமறைவு' என்று இருந்தது.

விவகாரம் இரண்டானதால், விசாரிக்கப் பாண்டியிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் முசே தெலோர்ம் வந்தார்; முசே என்றால் துரை. இங்கேதான் கிளாஸ் வருகிறது. பிரெஞ்சில் ஐஸுக்கு 'கிளாஸ்' என்று பெயர். முசே பிரெஞ்சில் கேட்டார், சூசைநாதன் தமிழில் சொன்னார். ஆனால் 'கிளாஸ்' என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றாகவே இருந்ததால் அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்.

"கிளாஸ் எங்க வாங்கினன்னு கேக்கறாரு."

"மதகடிப்பட்டுச் சந்தையிலங்க."

முசே ஆச்சரியப்பட்டார். மதகடிப்பட்டில் ஐஸ் விற்பதாக அரசாங்கத்துக்குத் தகவல் இல்லை.

"எவ்ளோ நாளா இருக்குது?"

"மூணு வருஷம் ஆச்சு, ஐயா."

முசே பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"மூணு வருஷமா அப்படியேவா இருக்குதுன்றாரு."

"ஓரத்துல ஒரு சில்லு போயிருக்குது. மத்தபடி அப்படியேதாங்க."

"எப்படிக் காப்பாத்தற?"

"சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, மாடத்துல கவுத்து வெச்சிடுவேன். அம்மாம் பெரிய வித்தையா அது?"

பலராமனுக்கு இது வினோதமாக இருந்தது. இவ்வளவு படித்தவர், கிளாஸ் கழுவுவதைக் கேட்டு வேர்த்துப்போய் எழுதுகிறாரே. முசேயோ, வெயிலில் மூன்று வருஷம் உருகாத ஐஸ் ஒன்று இந்தக் கிராமத்தில் இருப்பதையும், அதைச் சாம்பலால் தேய்த்துக் காப்பதையும் எழுதி முடித்துவிட்டு, அலமாரியில் ஒரே ராத்திரியில் உருகிய ஐஸைப் பற்றி யோசித்தார். விளக்கம் எளிதாகக் கிடைத்தது. இவன் மட்டமான ஐஸைச் சர்க்காரிடம் கொடுத்துவிட்டு, நல்ல ஐஸை ஒளித்து வைத்திருக்கிறான்.

அதைத் தேடிப் பக்கிரி மூன்று நாள் பலராமன் வீட்டு உமிக்குவியலைக் கிளறினான். தாகம் எடுத்தபோதெல்லாம் மாடத்திலிருந்த கிளாஸை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பக் கவிழ்த்து வைத்தான்.

அறிக்கை பாண்டிக்குப் போனது. அது போன அன்று மேர் பலராமனிடம் சொன்னார்: "நீ வூட்ல இன்னா பண்றியோ, அத அப்படியே மூணு காப்பி நாளைக்குக் கொண்டாந்து குடு."

அவர் சொன்னது நகல். பலராமன் காதில் விழுந்தது காப்பி. உலகநாதனிடம் சொல்லி ஐஸ் வரவழைத்து, மறுநாள் மூன்று மணிக்கு ஒரு கிளாஸும் இரண்டு லோட்டாவுமாக ஆபீஸுக்கு எடுத்துப் போனான். ஆபீஸ் அதைப் பார்த்தது. வெளியே அனல் அடித்தது. மேர் ஒன்றை எடுத்தார், முசே ஒன்றை எடுத்தார், மூன்றாவது மேசையில் தனியாக நிற்பது ஒழுங்காக இல்லை என்று சூசைநாதன் எடுத்தார். குடித்து முடித்து, பதிவேட்டில் அதற்கென்று இருந்த ஒரே கட்டத்தில், 'மூன்று காப்பி பெறப்பட்டது' என்று எழுதினார். மேர் கையெழுத்துப் போட்டார். போடும்போது ஏப்பம் வந்தது.

ஒரு வாரத்தில் பாண்டியிலிருந்து கடிதம் வந்தது. மூன்று காப்பி பெற்றதாக எழுதியிருக்கிறீர்கள், அவை எங்கே? கொம்யூன் ஆபீஸ் கூடிப் பேசி, அவை பரிசீலனையில் உள்ளன என்று பதில் எழுதிவிட்டு, பலராமனை மறுபடி மூன்று கொண்டுவரச் சொன்னது. அதற்கு மறுநாளும். பிறகு கொண்டுவருவதில் சிந்துகிறது என்று, ஆபீஸிலேயே வந்து செய்யும்படி உத்தரவானது. கைப்பற்றிய பாட்டில்களின் முத்திரையைச் சர்க்காரே உடைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதியைச் சூசைநாதன் கண்டுபிடித்தார். சாட்சிப் பொருளின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால், உடைத்த பாட்டிலுக்குப் பதில் புதிய பாட்டிலைப் பலராமனே கொண்டுவர வேண்டியிருந்தது. உலகநாதனால் அனுப்பவைக்க முடிந்தது ஒரு நாளைக்கு ஒரு கட்டி ஐஸ். அது மூன்று பேருக்குத்தான் போதும். அந்த மூன்று பேர் ஆபீஸில் இருந்தார்கள்.

வீட்டில் தையலம்மாளுக்கு மறுபடி எதுவும் தங்கவில்லை. நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கன்னம் உள்ளே போய்விட்டது. கையில் வளையல் முழங்கைவரை ஏறியது.

பலராமன் மேரிடம் போய் நின்றான். "ஐயா, மூணுல ஒண்ண நான் வூட்டுக்கு எடுத்தும்போறேன். அவளுக்கு இது நாலாவது மாசம். போன ரெண்டும் இந்த மாசத்துலதான் போச்சு."

மேர் தணிகைவேல் காலி லோட்டாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். அவர் தலைக்கு மேல் சுவரில் மூன்று பெரிய சொற்கள் எழுதியிருந்தன. அவர் அவற்றைத் திரும்பிப் பார்க்காமலே பேசக்கூடியவர்.

"பலராமா, இது குடியரசு. சமத்துவம்னு எழுதியிருக்குது பாரு. உன் சம்சாரத்துக்கு ஒரு கிளாஸ் குடுத்தா, கொம்யூன்ல இருக்கிற அத்தனை பொம்பளைக்கும் குடுக்கணும். அம்மாம் ஐஸ் இருக்குதா? இல்ல. அதனால ஒருத்திக்கும் கிடையாது, அதான் சமத்துவம். சுதந்திரம்னு எழுதியிருக்குது. நீ நாளைக்கு வராம இருக்கிறது உன் சுதந்திரம். வரலன்னா பக்கிரிய வுட்டு இட்டாரச் சொல்றது என் சுதந்திரம். கடைசில சகோதரத்துவம். நாங்க மூணு பேரும் ஒரு நாளாவது ஒருத்தர் பங்க ஒருத்தர் குடிச்சிருக்கமா? கேட்டுப் பாரு."

"முசே ரெண்டு தடவை குடிச்சாரு" என்றார் சூசைநாதன்.

"அவுரு மேலதிகாரி. அது வேற."

பலராமன் வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னான். தையலம்மாள் பாயில் படுத்தபடி கேட்டாள். பேசுவதற்கு அவளுக்குத் தெம்பு கொஞ்சம்தான் இருந்தது. அதைக் கணக்காகச் செலவு செய்தாள்.

"நம்ம வூட்ல கடை நடக்குதுன்றாங்க இல்ல?"

"ஆமா."

"அந்தக் கடைல வந்து குடிச்சது யாரு?"

"நீதான்."

"என்னை விசாரிச்சாங்களா?"

"இல்ல."

"வண்டியக் கட்டு. கிளாஸ எடுத்துக்க" என்றாள் தையலம்மாள்.

மூன்று மணிக்கு அவள் கொம்யூன் ஆபீஸ் படியைப் பிடித்துக்கொண்டு ஏறி, மேசைமுன் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தான்தான் அந்தக் கஃபேயின் வாடிக்கை என்றும், தன்னை விசாரிக்காமல் விவகாரத்தை எப்படி முடிப்பார்கள் என்றும் கேட்டாள். ஆபீஸ் கலங்கிப்போனது. இத்தனை தாளில் வாடிக்கையாளர் வாக்குமூலம் இல்லை. பாண்டியில் யாராவது கவனித்தால் என்ன ஆவது? சூசைநாதன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். சந்தேகத்துக்குரிய பானத்தின் வாடிக்கையாளரை மூன்று நிலையில் பார்க்க வேண்டும் என்று இருந்தது: அருந்துவதற்கு முன், அருந்தும்போது, அருந்திய பின்.

"அருந்தினா எத்தனை நாளைக்குப் பாக்கணும்னு போட்டிருக்குதுங்களா?" என்று தையலம்மாள் கேட்டாள்.

"விவகாரம் முடியிற வரைக்கும்."

"அப்ப பாருங்க."

ஐஸ் மூன்று கிளாஸுக்குத்தான் இருந்தது. யார் பங்கை விடுவது என்று கொம்யூன் ஆபீஸ் முக்கால் மணி நேரம் விவாதித்தது. விதியில் மேரின் பெயரும் இல்லை, முசேயின் பெயரும் இல்லை. குமாஸ்தாவின் பெயர் எந்த விதியிலும் இருந்ததில்லை. சூசைநாதனின் பங்கு போனது. பலராமன் அவளுக்குக் கிளாஸில் கலந்து கொடுத்தான். 'டப்' என்ற சத்தத்தைச் சூசைநாதன் 'முன்' என்ற பத்தியில் குறித்தார். அவள் விழுங்குவதை நடுப் பத்தியில் குறித்தார். ஏப்பத்தைப் 'பின்' என்ற பத்தியில் குறித்தார். அவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த பழைய சோற்று உருண்டைகளைப் பிரித்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். சோற்றுக்குப் பத்தி இல்லை. அதனால் அதை யாரும் கவனிக்கவில்லை.

அப்படியே ஐந்து மாதம் நடந்தது. தினமும் வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சர்க்கார் மேற்பார்வையில் ஒரு கிளாஸ். நான்காம் மாதம் தாண்டியது. கன்னம் திரும்பி வந்தது. வளையல் கீழே இறங்கியது. முசே தெலோர்ம், மூன்று வருஷம் உருகாத கிளாஸைப் பற்றிய தன் இரண்டாவது, மூன்றாவது அறிக்கைகளை அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதினார். சில சமயம் தாள் பறக்காமல் இருக்க அவள் குடித்து வைத்த காலிக் கிளாஸை எடுத்து அதன்மேல் வைத்துக்கொள்வார். ஓரத்தில் ஒரு சில்லு போயிருந்தது அவர் விரலில் பட்டிருக்க வேண்டும்.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பைப் பதிய பலராமன் போனபோது சூசைநாதன் பிறப்புப் பதிவேட்டை மூடிவிட்டு, வேறொரு பதிவேட்டைத் திறந்து, 'வாடிக்கையாளர் எண்ணிக்கை' என்ற இடத்தில் ஒன்றை அடித்து இரண்டு என்று போட்டார்.

முடிவான உத்தரவு பாண்டியிலிருந்து தை மாதம் வந்தது. அங்கே முசேயின் மூன்று அறிக்கைகளையும் படித்தவர் ஒரு பிரெஞ்சுச் சொல்லின் எல்லாப் பொருளும் தெரிந்த ஒருவர். பிரெஞ்சில் 'கிளாஸ்' என்பதற்கு நிலைக்கண்ணாடி என்றும் ஒரு பொருள் உண்டு. கடைகளில் சுவரை அடைத்து மாட்டுவார்களே, அது. ஒரு கஃபேயில் மூன்று வருஷமாக ஒரு கிளாஸ் இருக்கிறது, அதற்கு ஓரம் உடைந்திருக்கிறது, சாம்பல் போட்டுத் தேய்க்கிறார்கள், கவிழ்த்து வைக்கிறார்கள் என்றால் அவருக்கு அதில் புதிர் எதுவும் தெரியவில்லை, அவமானம்தான் தெரிந்தது. ஒரே வருஷத்தில் வாடிக்கை இரட்டிப்பான கஃபே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இப்படியா இருப்பது? பலராமனுக்குக் கஃபே நடத்த லைசென்ஸ் வழங்கப்பட்டது. கூடவே, அரசாங்கச் செலவில் ஒரு புதிய கிளாஸ்.

அதை இரட்டை மாட்டு வண்டியில் வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல், பொன்முலாம் சட்டத்தோடு இருந்தது. மாட்டுவதற்குச் சுவர் தாங்காது என்பதால் பலராமன் அதை வாசலுக்கு நேர் எதிரே உள்சுவரில் சாய்த்து வைத்தான்.

"இத வெச்சுக்கினு இன்னா பண்றது?" என்றான்.

"கெடக்கட்டும். கொழந்த பாத்துச் சிரிக்குது" என்றாள் தையலம்மாள்.

அரசாங்கப் பொருள் ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று பார்க்க, மறுநாள் மூன்று மணிக்கு மேர் தணிகைவேல் மூவர்ணப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு வந்தார். வெயிலிலிருந்து இருட்டு வீட்டுக்குள் குனிந்து நுழைந்து நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே, மூவர்ணப் பட்டை போட்ட ஒரு பெரிய அதிகாரி அப்போதுதான் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

மேர் சலாம் வைத்தார். எதிரே இருந்தவரும் வைத்தார். அவருக்கு முன்னால் தான் பேசுவது மரியாதை இல்லை என்று மேர் காத்திருந்தார். அவரும் காத்திருந்தார்.

அடுப்படியில் பலராமன் கோலியை அழுத்தினான். 'டப்' என்றது. இரண்டு மேர்களும் ஒரே நேரத்தில் துள்ளி, ஒரே நேரத்தில் பட்டையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி நிமிர்ந்து நின்றார்கள்.

"மேர் ஐயா வந்து நிக்கிறாரே, ஒரு கிளாஸ் குடுக்கட்டுமா?" என்று பலராமன் மெதுவாகக் கேட்டான்.

தையலம்மாள் எட்டிப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, சில்லுப் போன கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தருக்குக் குடுத்தா சமத்துவம் போயிடும்" என்றாள்.